மூடி மாறிய வாளி

என் பட்டறையில் ஏழு பெயிண்ட் வாளிகளில் ஏழு வெள்ளைப் பொடிகள் இருக்கின்றன. பார்த்தால் ஏழும் ஒன்றுதான். கோலமாவு என்று சொல்லி எதை அள்ளிக் கொடுத்தாலும் யாரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் செய்கிற கோப்பை, கிண்ணம், தட்டுகளின் மேல் வழவழவென்று கண்ணாடிப் பூச்சு ஒன்று இருக்கும். இந்தப் பொடிகளை அளந்து கலந்து, தண்ணீரில் கரைத்து, ஒருமுறை சுட்ட பாண்டத்தை அதில் முக்கி எடுத்து, மறுபடியும் சூளையில் வைத்து உருக்கினால் வருவது அது. எந்தப் பொடி எவ்வளவு என்பதில்தான் என் தொழிலில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி, சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து இடுப்பை ஒடித்துக்கொள்வது.

பட்டறை அவனியாபுரத்தில். ஒரு பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் லேத். நடுவில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, மின்சூளை ஒன்றை இறக்கி எட்டு வருடமாகிறது. கொட்டாம்பட்டிப் பக்கம் கடலை போடுகிற குடும்பம் எங்களுடையது. மண்ணில் விதைப்பதை விட்டுவிட்டு மண்ணையே சுட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். தெருவில் வந்த புதிதில் ‘சட்டிபானை அக்கா’ என்றார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வெளியூரில் போய் இரண்டு வருடம் படித்தவள், ஒவ்வொரு பூச்சின் கணக்கையும் நோட்டில் எழுதி வைத்திருப்பவள், என்னைப் போய் இப்படிச் சொல்கிறார்களே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். படித்த திமிர் கொஞ்சம் உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

லேத்காரர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே என்னைத் தொழில்காரியாக நடத்தினார். என் சக்கரத்தின் தண்டு ஆட்டம் கண்டபோது, சென்னையிலிருந்து வர வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் மூன்று வாரம் கேட்டார்கள். இவர் அரை நாளில் புதுத் தண்டு கடைந்து, பேரிங் போட்டு, கையால் சுழற்றிவிட்டு காதை வைத்துக் கேட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தங்கச்சி. அவர் மனைவி மதினி ஆனார். அவர்களுடைய ஒரே மகள் என்னை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தாள். லேத்துக்கு மேல் மாடியில்தான் வீடு. எனக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு ஹாலோ பிளாக் சுவர்.

இனி அந்த வாளிகளைப் பற்றி. ஏழில் ஆறு சாதுவானவை. ஏழாவது பேரியம், அது விஷம். ஒரு காலத்தில் எலிக்கு வைத்த சரக்கு. செம்மண்ணில் செய்த தொட்டிகள் காய்கிறபோது மேலே உப்புப் பூத்ததுபோல் வெள்ளை படியும். மண் பிசைகிறபோது பேரியம் சிட்டிகை போட்டால் அது படியாது. அதற்கு மட்டும் வைத்திருந்தேன். கையுறை மாட்டி, முகமூடி போட்டுத்தான் அதைத் தொடுவேன். தின்கிற பாண்டத்தின் பூச்சில் அதைச் சேர்ப்பதில்லை என்பது நானே எனக்குப் போட்ட சட்டம். அந்த வாளியின் மூடியில் பெயரை எழுதி, சிவப்பு மார்க்கரில் மண்டையோடு ஒன்றும் வரைந்திருந்தேன்.

மூடியில்தான் எழுதியிருந்தேன், வாளியில் எழுதவில்லை. வாளிகள் தரையில் வரிசையாக இருக்கும், நின்றபடி பார்த்தால் மூடிதான் கண்ணில் படும், அதனால் ஏழுக்கும் மூடியில்தான் பெயர். எட்டு வருடம் அது ஒரு தப்பாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஆயுத பூசைக்கு எங்கள் தெருவே குளித்து எழும். லேத், வெல்டிங் மெஷின், ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். நானும் முதல் நாளே கொட்டகையைக் கழுவினேன். ஒரு வருடத்துத் தூசியில் வாளி மூடிகள் சாம்பல் நிறமாகியிருந்தன. ஏழையும் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தேன். மார்க்கர் அழியவில்லை, நல்ல மார்க்கர். சாயங்காலம் பூசைக்கு மதினி பொரி, கடலையோடு வந்துவிட்டார், அண்ணன் வாசலில் பூசணிக்காயோடு நிற்கிறார், நான் அவசர அவசரமாக மூடிகளை எடுத்து அழுத்தி மூடினேன். ஏழும் ஒரே அளவு, எது எதில் வைத்தாலும் கச்சிதமாக உட்காரும். ஒவ்வொன்றிலும் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். மண்டையோட்டுக்கும் வைத்தேன். அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த வாரம் பச்சைப் பூச்சு ஒரு வாளி கலக்கினேன். நான் பல வருடமாகச் செய்வது. தாமிரத் தூள் போட்டது, வேப்பிலைப் பச்சையில் பளபளவென்று வரும். கணக்குப்படி சுண்ணாம்புத் தூள் இரண்டு கிலோ. சுண்ணாம்பு என்று எழுதியிருந்த மூடியைத் திறந்து, வெறுங்கையால் குவளையை விட்டு அள்ளி, தராசில் நிறுத்துப் போட்டேன். இருபத்தொரு கிண்ணங்களை முக்கிச் சூளையில் ஏற்றினேன்.

சூளை ஆறித் திறந்தபோது கிண்ணங்கள் பச்சையாக இல்லை. நீலமாக இருந்தன. மயில் கழுத்தில் இருக்குமே, அந்த நீலம். பளபளப்பும் இல்லை; விரலால் தடவினால் பட்டுத் துணிபோல் அடங்கிய மினுமினுப்பு. இப்படி ஒரு நிறத்தை எட்டு வருடத்தில் நான் எடுத்ததில்லை. உள்ளபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில் எனக்கு வந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஏன்? அதே கணக்கு, அதே சூளை, அதே சூடு. நிறம் மட்டும் எப்படி மாறும்? இதை என்னிடம் சனிக்கிழமை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் யாராவது கேட்காமல் விட்டிருந்தால் நான் கிழித்திருப்பேன். எனக்கு வந்தபோது நான் கேட்கவில்லை. சூளை சில நேரம் தானாகக் கொடுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் உழைத்ததற்குக் கை பழகிவிட்டது என்றும் நினைத்தேன். படம் எடுத்து இணையத்தில் போட்டேன். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பிடிகொடுக்காமல் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினேன்.

கிண்ணங்களைக் கண்காட்சிக்கென்று அலமாரியில் அடுக்கி வைத்தேன். ஒன்றே ஒன்று மட்டும் வெளியே போனது.

தீபாவளி முடிந்த வாரம் அண்ணன் மகளுக்குக் கட்டுச்சோறு. ஏழாம் மாதம். கட்டிக் கொடுத்த இடம் சமயநல்லூர். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று அண்டாக்களில் ஏற்றிக்கொண்டு வேனில் போனோம். வளையல் போட்டு, சொந்தபந்தத்துக்குப் பரிமாறி, பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அத்தை முறைக்கு நானும் இரண்டு வளையல் போட்டேன், சீராக அந்த நீலக் கிண்ணத்தைக் கொடுத்தேன். எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவில் அது தனியாகத் தெரிந்தது. இதில் சாப்பிடலாமா, இல்லை அலமாரியில் வைப்பதா என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் கேட்டார். தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லி, முதல் கரண்டி புளிச்சோற்றை நானே அதில் வைத்து அவள் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அந்தக் கிண்ணத்தை விடவில்லை. மாசமாக இருக்கிறவளுக்கு எவர்சில்வர் வாசனை குமட்டியது, இதில் போட்டுக் கொடுத்தால் இறங்குகிறது என்று மதினி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வார். எனக்குப் பெருமை தாங்காது.

அது ஒரு திங்கட்கிழமை, கார்த்திகை பிறந்திருந்தது. அந்த நீலத்தையே இன்னொரு வாளி கலக்கலாம் என்று உட்கார்ந்தேன். சுண்ணாம்பு வாளியில் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது, சாய்த்துக் கொட்டத் தூக்கினேன். உள்ளே இருந்த பொடிக்கு எடை அதிகமாக இருந்தது. கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது. குனிந்து பார்த்தேன். கைப்பிடி கம்பி.

பேரிய வாளியின் பிளாஸ்டிக் கைப்பிடி போன வருடம் உடைந்து, நான்தான் கட்டுக்கம்பியை முறுக்கி மாட்டியிருந்தேன்.

மண்டையோடு போட்ட மூடியைத் திறந்தேன். அதற்குள் இருந்ததை ஒரு குவளை அள்ளித் தராசில் வைத்தேன், இதில் ஒரு குவளை அள்ளி வைத்தேன். பேரியம் கனமான சரக்கு, தராசு பொய் சொல்லாது. ஆயுத பூசை அன்றைக்கு மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறேன். பச்சை நீலமானதற்குக் காரணமும் அப்போதே விளங்கிவிட்டது. பேரியத்தோடு தாமிரம் சேர்ந்தால் நீலம் வரும் என்பது நான் படித்த பாடம்தான். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதில் ஒரு நூலிழை நம்பிக்கையும் இருந்தது, அதுதான் என்னைக் கெடுத்தது. பேரியம் நன்றாக உருகிக் கண்ணாடிக்குள் கட்டுப்பட்டுவிட்டால் வெளியே வராது. சரியாகக் கட்டுப்படாவிட்டால் புளிப்புப் பட்டுப் பட்டுக் கரைந்து சோற்றோடு போகும். எது நடந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புளியோ எலுமிச்சையோ மோரோ இல்லாமல் எங்கள் ஊரில் ஒருவேளைச் சாப்பாடு ஏது?

கிண்ணத்தை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று முதலில் தோன்றியது. வேறு ஒரு நல்ல கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். அண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து, மடியில் அந்தக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். வத்தக்குழம்பு.

அந்தக் கிண்ணத்தில் அடியில் ஒரு விரிசல் ஓடியிருக்க வாய்ப்பு இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன், மாற்றித் தந்துவிடுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். உங்களுக்கே இது மேல ஆசை வந்துருச்சா அத்தே, கொடுத்துட்டுத் திருப்பிக் கேக்குறீக என்றாள். நான் வற்புறுத்தினேன். அண்ணன் அவள் சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை வாங்கி, கழுவி, இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்று நீண்டு ஒலித்தது.

“விரிசல் விட்டதுக்கு இம்புட்டுச் சத்தம் வராதே தங்கச்சி,” என்றார். “நல்ல சாமானாத்தான் இருக்கு. நீங்க வேற எதையும் நெனச்சுக் கொழப்பிக்கிறீகளோ?”

இரும்போடு பழகிய ஆள், அவர் காதை ஏமாற்ற முடியாது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ‘அப்படியா, அப்ப சரிதாண்ணே’ என்று வந்தது. மதினி ஒரு டம்ளர் மோர் கொடுத்தார், குடித்துவிட்டுப் படியிறங்கினேன். மாற்றுக் கிண்ணம் பையிலேயே இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை எனக்கு நானே விளக்கம் சொல்லியிருக்கிறேன். மாசமாக இருக்கிற பெண்ணை நிச்சயமில்லாத ஒன்றுக்காகப் பயமுறுத்தக் கூடாது. முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? நிஜம் வேறு. எனக்கு வெட்கம். அந்தத் தெருவில் என்னை மரியாதையாகப் பார்த்த முதல் ஆளிடம் போய், நான் மூடியை மாற்றிப் போட்டு உங்கள் மகளுக்கு எலி மருந்தில் சோறு போட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சோதனை செய்தேன். எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, அலமாரியில் மிச்சமிருந்த நீலக் கிண்ணம் ஒன்றில் கவிழ்த்து வைப்பது. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. ஒரு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, பழம் இருந்த இடத்தில் நிறம் மாறியிருந்தால் பூச்சு கரைகிறது என்று அர்த்தம்.

செவ்வாய் மதியம் எடுத்தேன். வட்டமாக ஒரு தடம் தெரிந்த மாதிரி இருந்தது. ஈரத்தின் தடம் என்று சொல்லிக்கொண்டேன். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தேன். தெரியவில்லை என்று முடிவுசெய்தேன். ஒரு சோதனை போதாது என்று இன்னொரு கிண்ணத்தில் வினிகரை ஊற்றி வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாடியில் சோறு பரிமாறுகிற கரண்டிச் சத்தம் கேட்டது. எழுந்து போய்ச் சக்கரத்தை ஓடவிட்டேன், அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது.

புதன்கிழமை சென்னையில் ஒரு ஆய்வகத்துக்கு போன் செய்தேன். மாதிரியை அனுப்புங்கள், பத்து நாளில் ரிப்போர்ட் வரும் என்றார்கள். பத்து நாள் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது. ஒரு கிண்ணத்தைச் சுற்றிக் கட்டி கூரியரில் போட்டுவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை வினிகரைக் கொட்டினேன். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. வினிகர் நின்ற மட்டத்துக்குக் கீழே கிண்ணம் வெளுத்திருந்தது, மேலே நீலம் அப்படியே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். வாசல் வரைக்கும் போனேன். அண்ணன் யாரோ பார்ட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். வந்தவர் போகட்டும் என்று திரும்பினேன். அவர் போய் வெகுநேரம் ஆகியும் நான் உள்ளேயே இருந்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு, அண்ணன் பக்கம் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் பட்டறையைத் திறக்கிறேன், அண்ணன் லேத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். மகளை அவர் பாப்பா என்றுதான் சொல்வார். பாப்பாவுக்கு நேற்று மதியத்திலிருந்து வயிற்றால் போகிறதாம். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். தயிர்ச்சோற்றில் எலுமிச்சை பிழிந்து ஊட்டியிருக்கிறார்கள், வயிறு கட்டும் என்று. கடைசி மாசங்களில் இதெல்லாம் சகஜம்தான் என்று மதினி சொன்னாராம்.

வயிற்றால் போவதும் தசை இழுப்பதும் பேரியத்தின் முதல் அடையாளங்கள். நான் நான்கு நாளும் இணையத்தில் படித்துப் படித்து மனப்பாடம் ஆகியிருந்தது.

“அண்ணே, லேத்த நிப்பாட்டுங்க,” என்றேன்.

நிறுத்தினார். சொன்னேன். மூடி, வாளி, நீலம், புளி எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் குரல் நடுங்கவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். அவர் கையிலிருந்த எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார், அது சாய்ந்து எண்ணெய் ஓடியது, அதைப் பார்க்காமல் மாடிப்படி ஏறினார். மேலே போன வேகத்தில் கிண்ணம் எங்கே என்று அவர் கேட்பது தெரு வரைக்கும் கேட்டது.

ஷேர் ஆட்டோ ஒன்றை நிறுத்தி, உள்ளே இருந்தவர்களை இறங்கச் சொல்லிக் கெஞ்சி, நான்கு பேருமாக ஏறினோம். அவர்கள் வழக்கமாகக் காட்டுகிற ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கிண்ணம் ஒரு பாலிதீன் பையில் என் மடியில் இருந்தது. வழியெல்லாம் மதினி அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

டாக்டர் அம்மாள் பொறுமையானவர். பொடியின் பெயரை எழுதித் தரச் சொன்னார், எழுதினேன். யாருக்கோ போன் செய்து இரண்டு நிமிடம் பேசினார். ரத்தம் எடுக்கவும், இதயத் துடிப்பைப் படம் எடுக்கவும், குழந்தையின் துடிப்பைப் பார்க்கவும் எழுதிக் கொடுத்தார். உடம்பில் பொட்டாசியம் இறங்கியிருந்தால்தான் கவலை என்று எங்களுக்குச் சொன்னார். பிறகு கேள்விகள் கேட்டார். எத்தனை நாளாக இதில் சாப்பிடுகிறார்? அண்ணன் விரல்விட்டு எண்ணினார், கட்டுச்சோற்றிலிருந்து இருபத்து மூன்று நாள்.

“உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சது?” என்று என்னைக் கேட்டார்.

இன்றைக்குக் காலையில் என்று சொல்லிவிடலாம். அதைப் பொய் என்று நிரூபிக்க அந்த அறையில் யாராலும் முடியாது. அந்தப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“திங்கக்கெழமை,” என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். அவருக்கு அது ஒரு தகவல். இந்த நான்கு நாளும் என்னென்ன சாப்பிட்டார், புளிப்பு எவ்வளவு என்று மதினியைக் கேட்டார். மதினி யோசித்து யோசித்துச் சொன்னார். திங்கள் மதியம் வத்தக்குழம்பு, ராத்திரி ரசம். செவ்வாய் தக்காளிச் சோறு. புதன்கிழமை புளிக்குழம்பு, அன்றைக்கு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நேற்று எலுமிச்சை பிழிந்த தயிர்ச்சோறு. அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஒவ்வொரு வேளையும் என் மேல் விழுந்தது. புதன்கிழமை மதியம் நான் கூரியர் ஆபீஸில் கியூவில் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப விரிசல்னு சொன்னீகளே அத்தே. அன்னைக்கே தெரியுமா?”

தெரியும் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் வந்து உள்ளே கூட்டிப்போனார்.

இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் மதினி. கதவு திறக்கும்போதெல்லாம் மூன்று பேரும் எழுந்தோம். நான் எந்தச் சாமியையும் அதிகம் கும்பிடாதவள். அன்றைக்கு வரிசையாக எல்லோரையும் கூப்பிட்டேன். எனக்கு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், பட்டறையை இழுத்து மூடிவிடுகிறேன், அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று பேரம் பேசினேன்.

பொட்டாசியம் சரியாக இருந்தது. இதயத் துடிப்பும் சரி. குழந்தையின் துடிப்பை மதினியை உள்ளே கூப்பிட்டுக் கேட்கவைத்தார்கள், வெளியே வந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வயிற்றால் போனதற்கு வேறு காரணமும் இருக்கலாம், இதுவும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டர். உள்ளே போனது சின்ன அளவாகத்தான் இருக்க வேண்டும், உடம்பே வெளியேற்றிவிடும், பிரசவம் வரைக்கும் வாராவாரம் வந்து காட்டுங்கள் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, சந்தேகம் வந்த அன்றைக்கே கூட்டி வந்திருக்க வேண்டும் என்று சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

பத்து நாளில் ஆய்வக ரிப்போர்ட் வந்தது. பூச்சு கரைகிறது, சாப்பாட்டுக்கு ஆகாது என்று எழுதியிருந்தார்கள். அதைக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன். வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மாவிடம் காட்டுகிறேன் என்றார். மிச்சக் கிண்ணங்களை உடைத்து, பூச்சு வாளியோடு சேர்த்து சிமெண்டுக்குள் போட்டு மூடினேன். இப்போது வாளி, மூடி, உள்ளே கிடக்கிற கரண்டி மூன்றிலும் பெயர் இருக்கிறது. பேரியம் என் பட்டறையில் இல்லை. சனிக்கிழமை வகுப்பில் முதல் நாள் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். வாளி மாறியதை அவர்கள் கவனமாக எழுதிக்கொள்கிறார்கள். நான்கு நாளைச் சொல்லும்போது யாரும் எழுதுவதில்லை, என்னைப் பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் மாடிக்குப் போகவில்லை, அவர்கள் கூப்பிடவும் இல்லை. மதினி தெருவில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். அண்ணன் பழையபடி பேசினார், ஒரு தடவை சூளைக் கதவின் கீல் இறுகியபோது வந்து பார்த்துவிட்டுப் போனார். மகளைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. வாராவாரம் ஆட்டோ வந்து நிற்பதையும் அவர்கள் ஏறிப்போவதையும் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். திரும்பி வரும்போது மதினியின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் மூச்சு விடுவேன்.

தை மாதம், ஜல்லிக்கட்டுக்குப் போட்ட கம்புத் தடுப்புகளைத் தெருவில் பிரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ, ரெண்டு பேரும் நல்லா இருக்காக என்றார். நான் களிமண் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். எத்தனையோ நாளாக அடக்கியிருந்த அழுகை. நான் அழுது முடிக்கும்வரை அவர் நின்றார்.

“பாக்க வரலாமாண்ணே?” என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த வேஸ்ட் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“இப்ப வேணாம் தங்கச்சி. நானும் மககிட்டச் சொல்லித்தான் பாத்தேன். மூடி மாறுனதுக்கு அத்தை என்ன பண்ணுவாகங்குறா. அதுல அவளுக்குக் கோவமே இல்ல. நாலு நாளும் சொவத்துக்கு அந்தப் பக்கந்தானப்பா இருந்தாகங்குறா.”

சரிண்ணே என்றேன். அவர் லேத்தைப் போடப் போனார்.